ஓல்ட் ஃபின்ச் பெய்லிப் பாலமும் அதன் உறவுகளும்

ஸ்காபரோவில் இருக்கும் தமிழர்களில் பலர் இந்தப் பாலத்தைக் கடந்திருப்பார்கள், பெயர் தெரியாமலே. மோர்னிங்சைட், ஸ்டெயின்ஸ் றோட்டுப் பக்கமிருந்து ஓல்ட் ஃபின்ச் அவென்யூவில் கிழக்கே போனால், வீடுகள் முடிந்து மரங்கள் தொடங்கிவிடும். மிருகக்காட்சிச்சாலை இருக்கும் மெடோவேல் றோட்டுக்குப் போகிற வழி அது. இடையில் றோட்டு ரூஜ் ஆற்றைக் கடக்கும் இடத்தில் ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய அளவுக்கு ஒடுங்கும். பாலத்தின் இரண்டு பக்கத்திலும் ஆளுயரத்துக்கு இரும்புச் சட்டங்கள், உள்ளே வைரக்கல் வடிவில் குறுக்குக் கம்பிகள். நகரத்துப் பாலம் மாதிரியே இருக்காது. ஏனென்றால் அது நகரத்துக்காக வடிவமைத்த பாலமே அல்ல. போர்க்களத்துக்காக வடிவமைத்தது.

1954 அக்டோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி ரொறன்ரோவைத் தாக்கியது. ஏற்கெனவே பல நாள் மழையில் ஊறிப்போயிருந்த மண்ணின் மேல் இன்னும் பெரிய மழை கொட்டியது. ஹம்பர், டொன், ரூஜ், எற்றோபிக்கோ ஓடை எல்லாம் ஒரே இரவில் பெருக்கெடுத்தன. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் கரையில் இருந்த ரேமோர் டிரைவ் என்ற ஒரு தெருவில் மட்டும் 35 பேர். பாலங்கள் டசின் கணக்கில் அடித்துக்கொண்டு போயின. ஓல்ட் ஃபின்சில் இருந்த பாலமும் அவற்றில் ஒன்று. கனடிய இராணுவத்தின் 2-ஆவது களப் பொறியாளர் படையணி வந்து, அதற்குப் பதிலாக, ஒரே அளவு இரும்புச் சட்டங்களைக் கோத்துப் பூட்டுகிற இந்தப் பெய்லிப் பாலத்தைப் போட்டுக் கொடுத்தது. அவசரத்துக்குப் போட்டது எழுபது ஆண்டுகளைத் தாண்டி இன்னும் வாகனங்களைச் சுமக்கிறது.

நான் அந்த வழியால் வேலைக்குப் போய் வந்த காலத்தில், பாலத்தில் ஏறியதும் கேட்கும் கடகடப்பை மட்டும் கவனித்திருக்கிறேன். அதை நின்று பார்க்க வைத்தவர் என் மாமா. இலங்கையின் வடக்கில் வீதி வேலைகளில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளைப் பார்க்க இங்கே வந்திருந்தார். பேரப்பிள்ளைகளோடு மிருகக்காட்சிச்சாலைக்குப் போன நாளில், காருக்குள் இருந்தே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இது பெய்லி எல்லோ? இஞ்ச எப்பிடி வந்தது?” என்றார். அடுத்த ஞாயிறு காலை, வாகன ஓட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, நாங்கள் இரண்டு பேரும் நடந்தே போனோம்.

அவர் முதலில் பாலத்தைப் பார்க்கவில்லை. கரைக்குப் போய், பாலத்தின் நுனி எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தார். “பாலம் விழுறது நடுவில எண்டு எல்லாரும் நினைக்கினம். அநேகமா கரையிலதான் பிரச்சினை தொடங்கும். தண்ணி அத்திவாரத்துக்குக் கீழ மண்ணை அரிச்சால் மேல இருக்கிற இரும்பு எவ்வளவு நல்லதா இருந்தும் பிரயோசனமில்லை.” அப்புறம்தான் மேலே வந்தார்.

பெய்லிப் பாலத்தின் உயிர் அதன் சட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சட்டமும் 10 அடி நீளம், சுமார் 5 அடி உயரம், ஏறத்தாழ 260 கிலோ எடை. ஆறு பேர் சேர்ந்தால் கையால் தூக்கிவிடலாம், பாரந்தூக்கி தேவையில்லை. சட்டத்தின் ஒரு நுனியில் ஒற்றைக் காதும், அதாவது துளையுள்ள இரும்பு நாக்கும், மறு நுனியில் இரட்டைக் காதும் இருக்கும். ஒற்றைக் காதை அடுத்த சட்டத்தின் இரட்டைக் காதுக்குள் நுழைத்து, துளைக்குள் தடித்த ஆணி ஒன்றை அடித்து இறக்கினால் இணைப்பு முடிந்தது. மேலே ஓர் ஆணி, கீழே ஓர் ஆணி. ஆணி கழன்று போகாமல் அதன் மெல்லிய நுனியில் சின்னக் கம்பிப் பூட்டு ஒன்று மாட்டியிருக்கும்.

மாமா எனக்குக் காட்டிய விஷயங்களில் மிகப் பிடித்தது அந்த ஆணியின் தலைதான். நன்றாகப் பார்த்தால் தலையின் குறுக்கே ஒரு கீறல் வெட்டியிருக்கும். மறுபக்கத்தில் கம்பிப் பூட்டு மாட்டுகிற துளை எந்தத் திசையில் இருக்கிறது என்பதை அந்தக் கீறல் காட்டும். இருட்டில், மழையில், எதிரி சுடுகிற தூரத்தில் நின்று வேலை செய்கிற சிப்பாய், மறுபக்கம் எட்டிப் பார்க்காமலே விரலால் தடவி ஆணியைச் சரியான திசைக்குத் திருப்பலாம். அந்த ஒரு கீறலில் இந்தப் பாலத்தை உருவாக்கியவரின் மனம் முழுவதும் தெரிகிறது.

டொனால்ட் பெய்லி பிரித்தானியப் போர் அமைச்சின் குடிசார் ஊழியர். தென் இங்கிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் இருந்த இராணுவப் பாலச் சோதனை நிலையத்தில் வேலை செய்தார். 1940-இல் வரைந்தார், 1941-இல் சோதித்தார்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் படைகளின் கைக்குப் போய்விட்டது. எல்லா உறுப்பும் சாதாரண மூன்று தொன் லொறியில் ஏற வேண்டும், ஆட்கள் கையால் தூக்க வேண்டும், சாதாரண தொழிற்சாலைகளே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பவை அவர் வைத்த நிபந்தனைகள். இத்தாலியிலும் நோர்மண்டியிலும் நெதர்லாந்திலும் படைகள் இதைத்தான் நம்பின. 1945 மார்ச்சில் ஜெர்மனியின் ரீஸ் நகரில் ரைன் ஆற்றின் மேல் கனடியப் பொறியாளர்கள் போட்ட பெய்லி, சாய்வுப் பாதைகளோடு சேர்த்து 1,814 அடி நீளம். அப்படியான வேலை பார்த்த இராணுவம் ஒன்பது ஆண்டுகள் கழித்து ரூஜ் ஆற்றங்கரைக்கு வந்தபோது, அவர்களுக்கு இது பழகின வேலையாகத்தான் இருந்திருக்கும்.

பூட்டுகிற முறையும் அழகானது. எதிர்க்கரையில் ஒருவரும் நிற்கத் தேவையில்லை. இக்கரையில் உருளைகளை வைத்து, அவற்றின் மேல் சட்டங்களைக் கோத்து, அப்படியே முன்னே தள்ளுவார்கள். பாலத்தின் முன்னால் பாரம் குறைந்த வெறும் சட்டங்களாலான ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கத்துப் பாரம் மூக்கைத் தூக்கிப் பிடிக்க, அது அந்தரத்தில் நகர்ந்து போய் எதிர்க்கரை உருளையில் ஏறி உட்காரும். பிறகு மூக்கைக் கழற்றிவிட்டு, பாலத்தைத் தாங்கிகளின் மேல் இறக்குவார்கள்.

இனி நீங்கள் ஒரு பெய்லியைப் பார்த்தால் செய்ய வேண்டிய முதல் காரியம் எண்ணுவது. ஒரு பக்கத்தில் நீளவாக்கில் எத்தனை சட்டங்கள் என்று பாருங்கள். ஒவ்வொன்றும் பத்தடி. அளவுநாடா இல்லாமலே பாலத்தின் நீளம் கையில் வந்துவிடும். அடுத்து, அந்தப் பக்கத்தில் சட்டங்கள் எத்தனை வரிசையாக, பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். ஒன்றா, இரண்டா, மூன்றா? பிறகு, ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை அடுக்கு? வரிசையை முதலில் சொல்லி அடுக்கைப் பிறகு சொல்வது இராணுவ வழக்கம். இரண்டு வரிசை, ஓர் அடுக்கு என்றால் இரட்டை–ஒற்றை. நீளமும் பாரமும் கூடக் கூட வரிசையையும் அடுக்கையும் கூட்டுவார்கள். உறுப்பு அதேதான், எண்ணிக்கைதான் மாறும். என் மருமகள் இதைப் படித்துக்கொண்டு எங்கே போனாலும் எண்ணத் தொடங்கிவிட்டாள்.

அடுத்ததாகத் துருவைப் பார்க்கலாம். இரும்பின் மேல் படர்ந்த பழைய துரு வேறு, இணைப்பைச் சுற்றிச் செம்மண் தூள் மாதிரிக் கசிந்திருக்கும் துரு வேறு. இரண்டாவது வகை, அந்த இடத்தில் இரும்பும் இரும்பும் உரசி அசைகின்றன என்று சொல்கிறது. பாலம் நடுவில் கொஞ்சம் தொய்ந்து தெரிந்தால் மட்டும் பயப்படத் தேவையில்லை. ஆணிக்கும் துளைக்கும் இடையே வேண்டுமென்றே சிறு இடைவெளி விட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் களத்தில் நின்று பூட்ட முடியாது. அந்த இடைவெளிகள் எல்லாம் சேர்ந்து புதுப் பெய்லியிலும் தொய்வாகத் தெரியும். தொய்வு நாளுக்கு நாள் கூடினால்தான் கவலை.

இவ்வளவு காலம் நின்றதற்கு இரும்பின் பலம் மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம் என்பதுதான் முக்கிய காரணம். ஆணி தேய்ந்தால் ஆணியை மாற்றலாம். குறுக்கு இரும்பு வளைந்தால் அதை மட்டும் எடுக்கலாம். பழைய பெய்லிகளில் தளம் மரப்பலகைதான், அது உக்கினால் பலகையை மட்டும் மாற்றினால் போதும். கொங்கிறீற்றுப் பாலத்தில் உள்ளே கம்பி துருப்பிடித்தால் வெளியே தெரிவதற்கே காலமாகும். இதிலோ எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. கனடாக் குளிர்காலத்தில் றோட்டில் கொட்டும் உப்பு இரும்பை விடாது. அந்த உப்போடு ஆண்டு தோறும் யாரோ மல்லுக்கட்டியதால்தான் இது நிற்கிறது. பாலத்துக்குப் பெயர் கொடுத்தவரை மதிப்பது போல அந்தப் பெயர் தெரியாத பராமரிப்புத் தொழிலாளர்களையும் நான் மதிக்கிறேன்.

இன்னொரு காரணம், பாரத்துக்கு வைத்த எல்லை. பாலத்துக்கு முன்னால் எத்தனை தொன் வரை போகலாம் என்ற பலகை இருந்தால், தயவுசெய்து அதை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். நம்மவர்கள் பலர் லொறி ஓட்டுகிறார்கள், பொதி விநியோகம் செய்கிறார்கள், வீடு மாறும்போது பெரிய வாகனத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள். கைபேசியின் வழிகாட்டி குறுக்கு வழி என்று இப்படியான றோட்டுக்குள் திருப்பிவிடும். அதற்கு உங்கள் வாகனத்தின் பாரம் தெரியாது. வாகனத்தின் வெற்று எடை அல்ல, ஆளும் சாமானும் ஏற்றிய மொத்த எடைதான் கணக்கு. சந்தேகம் இருந்தால் திரும்பிப் போங்கள். ஷெப்பர்ட் அவென்யூ பக்கமாகச் சுற்றினால் சில நிமிடம்தான் கூடும்.

காரில் போகிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. எதிரே ஒருவர் ஏறிவிட்டால் நீங்கள் நில்லுங்கள், அவர் முழுதாக இறங்கட்டும். பாலத்தின் மேல் வேகம் கூட்டுவதோ சடாரென்று பிரேக் பிடிப்பதோ வேண்டாம். ஓடுகிற பாரத்தைவிடக் குதிக்கிற பாரம் இணைப்புகளை அதிகம் வருத்தும். குளிர்காலத்தில் கீழேயும் காற்று வீசுவதால் பாலத்தின் தளம்தான் முதலில் உறையும். கரையில் றோட்டு ஈரமாக மட்டும் இருக்கும், பாலத்தில் கண்ணுக்குத் தெரியாத பனித்தகடு இருக்கும். இறங்குமுகமாக வருகிறவர்கள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சைக்கிள்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏரிக்கரைத் துறைமுகப் பகுதியில், பழைய ஹேர்ன் மின்நிலையத்தின் நீர்க்காலுக்கு மேலே, அன்வின் அவென்யூவில் ஒரு பெய்லி இருந்தது. செர்ரி கடற்கரைப் பக்கம் சைக்கிள் ஓட்டிய காலத்தில் அதைக் கடந்திருக்கிறேன். நகரத்தின் அடுக்குமாடிகள் ஒரு பக்கம், கைவிட்ட மின்நிலையத்தின் நெடும் புகைபோக்கி மறுபக்கம், நடுவே ஒற்றை வழி இராணுவப் பாலம். இப்படியான தளங்களில் சக்கரத்தை இடைவெளிகளுக்குக் குறுக்கே நேராகச் செலுத்துங்கள், சாய்வாகப் போனால் சக்கரம் பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் திருப்பவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம். பின்னால் வாகனம் வந்தால் ஓரமாக ஒதுங்காமல் வழியின் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை வழிப் பாலத்தில் முந்த இடமில்லை, முந்தலாம் என்ற எண்ணத்தை நீங்கள் கொடுக்கக் கூடாது.

ரூஜ் பள்ளத்தாக்கில் இருக்கிற எல்லா இரும்புப் பாலமும் பெய்லி அல்ல. ஓல்ட் ஃபின்சிலிருந்து கிட்டத்தில் இருக்கும் சூவெல்ஸ் றோட்டுப் பாலம் 1912-இல் கட்டிய தொங்கு பாலம், அதுவும் கட்டாயம் பார்க்க வேண்டியது. ட்வின் றிவர்ஸ் டிரைவில் இருப்பவையும் வேறு வகை. அடையாளம் சுலபம்: ஒரே அளவுச் சட்டம் பத்தடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால், சந்திக்கும் இடத்தில் காதும் ஆணியும் தெரிந்தால், அது பெய்லிக் குடும்பம். புதுப் பாலம் கட்டும் இடங்களில் மாற்று வழிக்காகப் போடுகிற வெள்ளிச் சாம்பல் நிறப் பாலங்களைப் பார்த்திருப்பீர்கள். நாகமுலாம் பூசியது, சட்டத்தின் உயரமும் பழைய பெய்லியைவிடக் கூடுதலாக இருக்கலாம். அவை அக்ரோ, மேபி போன்ற நிறுவனங்களின் தயாரிப்பு, பெய்லியின் பிள்ளைகள்.

ஓல்ட் ஃபின்ச் பாலத்தைப் பற்றி ஒரு பேய்க்கதையும் உண்டு. ஒரு சிறுமி அங்கே கொல்லப்பட்டாள், இரவில் போய்ப் பிறந்தநாள் பாட்டுப் பாடினால் அலறல் கேட்கும் என்பார்கள். இளைஞர்கள் கூட்டமாக நள்ளிரவில் போகிறார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் வெளிச்சம் குறைந்த, ஒடுங்கிய பாலத்தின் நடுவில் கறுப்பு உடுப்போடு நிற்பது உண்மையான ஆபத்து. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் பகலில் கூட்டிக்கொண்டு போங்கள். ஹேசல் இரவின் உண்மைக் கதையைச் சொல்லுங்கள், அது எந்தப் பேய்க்கதையையும்விட மனதைப் பிடிக்கும்.

பார்க்கப் போக நல்ல காலம் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். இலைகள் நிறம் மாறியிருக்கும், ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன் மீன்கள் ரூஜில் எதிர்நீச்சல் போட்டு ஏறி வரும். பாலத்தடியில் வாகனத்தை நிறுத்தாதீர்கள். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவின் தரிப்பிடங்களில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் கரையில் நின்று எடுங்கள், றோட்டு நடுவில் நின்று அல்ல. புல்லுக்குள் இறங்கினால் நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, தலைமயிர் எல்லாம் பார்க்க வேண்டும். பெருமழைக்குப் பிறகும் பனி உருகும் நாட்களிலும் ஆற்றங்கரைக்குப் போகவே வேண்டாம். ரொறன்ரோ பிராந்தியப் பாதுகாப்பு அதிகார சபை வெள்ள எச்சரிக்கை விடுகிறது, போவதற்கு முன் அதை ஒருமுறை பாருங்கள். ஹேசலுக்குப் பிறகு பள்ளத்தாக்குகளில் வீடு கட்ட விடாமல் பூங்காக்களாக வைத்திருப்பது தண்ணீருக்கு இடம் விடத்தான். 2013 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் டொன் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை தண்ணீருக்குள் போனதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மாமா ஊருக்குத் திரும்பிவிட்டார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. வீதிகளும் பாலங்களும் அறுந்தன. டிசம்பரில் கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இந்திய இராணுவப் பொறியாளர்கள் 120 அடி பெய்லிப் பாலம் ஒன்றைப் பூட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வயநாட்டு நிலச்சரிவில் சூரல்மலையில் இந்திய இராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் 190 அடிப் பாலத்தை 31 மணி நேரத்தில் முடித்ததும் பலருக்கு நினைவிருக்கும். மாமா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: “உங்கட பாலத்தின்ர தம்பி இஞ்ச வந்திட்டார். இனி இதை ஆர் பராமரிக்கப் போறது எண்டதுதான் கேள்வி.”

அவர் கேட்டது சரியான கேள்வி. அவசரத்துக்குப் பாலம் வரும்போது எல்லோரும் கைதட்டுகிறோம். அடுத்த ஆண்டு அதன் ஆணியை யார் பார்ப்பது என்று எவரும் கேட்பதில்லை. ரொறன்ரோவில் அதற்கு ஒரு வழி இருக்கிறது: மாநகர சபையின் தொலைபேசிச் சேவையான 311. தளம் கழன்று ஆடுவது, இரும்பில் வாகனம் மோதிய புதுக் காயம், கரையோரம் மண் இறங்கியிருப்பது, பாரப் பலகை விழுந்து கிடப்பது, இதில் எதைக் கண்டாலும் அழைத்துச் சொல்லுங்கள். றோட்டின் பெயர், எந்த ஆறு, பாலத்தின் எந்தக் கரை, கிழக்கா மேற்கா, எத்தனையாவது சட்டம் என்று சொன்னால் வருகிறவர்களுக்குத் தேடும் வேலை இல்லை. ஆங்கிலம் சிரமமென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், தமிழில் பேசலாம். கொடுக்கிற முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, சரி செய்தார்களா என்று பிறகு ஒருமுறை அழைத்துக் கேளுங்கள்.